நாலாம் நம்பர் பஞ்ச்

ராஜகுமாரியைப் பற்றிக் கேட்டால் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அத்தனையும் தப்பாக இருக்கும். வாயைத் திறக்காதவளைப் பற்றி மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவது வழக்கம்தானே. எனக்குத்தான் அவளைத் தெரியும். காலையில் திருநின்றவூரில் ரயில் ஏறி, ஜன்னலோர இடத்தில் தன் டிபன் பையை வைத்துவிட்டு, அண்ணனூரில் நான் ஏறும்வரை அந்த ஒரு இடத்துக்காகப் பெட்டியில் உள்ள அத்தனை பேரையும் முறைத்துக்கொண்டு வருபவள் அவள். பட்டரவாக்கத்தில் இறங்கித் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் நடந்து போகும்வரை பேசிக்கொண்டே போவோம். பேசுவது பெரும்பாலும் நான்.

நான் பார்வதம். ஸ்டோர் என் பொறுப்பு. போல்ட், நட்டு, கேஸ்கெட், கையுறை, துடைக்கிற வேஸ்ட் துணி எல்லாம் என்னைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்ட உடனே தருகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று ஷெட்டில் ஒரு புகார் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

நாங்கள் செய்வது கேட் வால்வு. குழாய்ப் பாதையின் நடுவில் உட்கார்ந்து தண்ணீரை விடவும் நிறுத்தவும் செய்கிற இரும்புச் சாமான். உள்ளே ஒரு கனத்த தட்டு இருக்கும், அதுதான் கேட். மேலே இருக்கிற சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் தட்டு ஏறி முழு வழியும் விடும். மறு பக்கம் சுற்றினால் இறங்கி, இரண்டு புறமும் வெண்கல வளையத்தில் அழுந்தி உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். திறந்தால் முழுக்கத் திறக்க வேண்டும், மூடினால் முழுக்க மூட வேண்டும். பாதியில் விட்டால் ஓடுகிற தண்ணீர் தட்டை ஆட்டி ஆட்டித் தேய்த்துவிடும். சின்னது கைக்குள் அடங்கும். பெரியதைத் தூக்க செயின் பிளாக் வேண்டும்.

ராஜகுமாரி டெஸ்ட் பெஞ்சில் வேலை. வால்வை மூடி, ஒரு பக்கத்தில் மூடித் தகடு போட்டு முடுக்கி, அந்தப் பக்கமாகப் பம்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றுவாள். மறுபக்கம் திறந்திருக்கும். அதற்குக் கீழே ஒரு பழைய தினசரித் தாளை விரித்து வைப்பாள். அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் அசையக் கூடாது, தாள் நனையக் கூடாது. பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும் இதே கதை. தாள் காய்ந்திருந்தால், வால்வு வாயின் விளிம்பான பிளாஞ்சின் ஓரத்தில், முனையில் எண் செதுக்கிய தன் இரும்புப் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. நாலு என்ற எண் விழும். அது அவள் எண். அந்த நாலைப் பார்த்துவிட்டால் எங்கள் சூப்பர்வைசர் சுப்பராயன் சார் அந்த வால்வை மறுபடி பார்க்க மாட்டார்.

சுப்பராயன் சாருக்கு ஒரே ஒரு சட்டம்தான். சக்கரத்தை டெஸ்டில் கையால் மட்டும்தான் இறுக்க வேண்டும். சக்கரத்துக்குள் கம்பியை விட்டு நெம்பினால் எப்பேர்ப்பட்ட கசிவும் அப்போதைக்கு நின்றுவிடும். குழாய்ப் பாதையில் போய் உட்கார்ந்ததும் தன் வேலையைக் காட்டும். ‘கம்பி போட்டவன் கேட்டுக்கு வெளியே’ என்பார், வேலை போச்சு என்று அர்த்தம். அவர் கத்திச் சொல்கிற ஆள் இல்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

ராஜகுமாரி கம்பி போட்டாள். எப்படிப் போட்டாள் என்று சொல்வதற்கு முன்னால் அவள் புருஷன் ஜெகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெகன் ஆவடிக்காரர். முதலில் எங்கள் ஷெட்டில்தான் வால்வு பூட்டும் வேலையில் இருந்தார். அவர் பூட்டியதை இவள் டெஸ்ட் பண்ணுவாள். கசிந்தால் அவரிடமே திரும்பிப் போகும். முதல் ஒரு வருஷம் இவள் அவரிடம் பேசியது ஒரே ஒரு சொல்: ‘ஒழுவுது.’ அவர் பதிலுக்கு ஒன்றும் பேசாமல் வால்வைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரித்துப் பூட்டிக் கொண்டுவருவார். அப்புறம் நன்றாக வந்த வால்வைக்கூட இவள் இரண்டு முறை திருப்பிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஷெட்டுக்கே புரிந்தது, அவர்கள் இருவருக்கும்தான் கடைசியில் புரிந்தது. இரண்டு பேருக்கும் வயது ஏறிய பிறகு நடந்த கல்யாணம். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரு மனை வாங்கி, வாடகை வீட்டை விட வேண்டும் என்று ஜெகனுக்கு ஆசை. ஷெட் வேலையில் அது ஆகாது என்று குழாய் பதிக்கிற காண்ட்ராக்டரோடு கிளம்பினார். ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் போடுகிற கூட்டம் அது. போன இடத்திலெல்லாம் நல்ல பிட்டர் என்று பெயர் வாங்கினார். நல்ல பிட்டரை யார் வீட்டுக்கு அனுப்புவான்? பொங்கலுக்கு வந்தார். சித்திரையில் வருவதாகச் சொன்னார், வரவில்லை. இந்த ஆடி வரைக்கும் அனந்தபூரைத் தாண்டி ஏதோ ஒரு பொட்டல் காட்டில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாங்கள் திரும்பும் ரயிலில் அவர் போன் வரும். கூட்ட இரைச்சலில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதனால் எல்லாம் எனக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா அது?

“இன்னிக்கு எத்தினி வால்வு எறக்குன?” என்பாள் இவள்.

“ரெண்டு. ஒண்ணு உன்னுது. நாலு போட்டிருந்துச்சு.”

“எப்பிடி எறக்குன? சொல்லு.”

அவர் சொல்வார். கேட்டை மூடி வைத்துத்தான் தூக்க வேண்டுமாம், திறந்திருந்தால் மண் போய் வளையத்தில் உட்கார்ந்துவிடும். தூக்குகிற பெல்ட்டை வால்வின் உடம்பில் சுற்ற வேண்டும், சக்கரத்தில் மாட்டினால் தண்டு வளைந்துவிடும். குழாயை இழுத்து வால்வோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் தானாக நேருக்கு நேர் வந்து நிற்கிற மாதிரி கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். போல்ட்டை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கிக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் விட்டதும் முழுக்கத் திறந்துவிட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பி விட வேண்டும். இல்லையென்றால் இறுகிக்கொள்ளும்.

“கொஞ்சம்னா எவ்ளோ?”

“கொஞ்சம்தான் ராஜி. கையே சொல்லும்.”

ஒவ்வொரு தடவையும் இதேதான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்பாள். “ஏன்டி, சாப்டியா, நல்லா கீறியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று நான் கத்துவேன். அவள் சிரிப்பாள். அப்புறம் அவர் அனுப்பின போட்டோவைக் காட்டுவாள். வேறென்ன, மண்ணுக்குள் பாதி இறங்கின வால்வு, ஓரத்தில் ஒரு நாலு. இரண்டு விரலால் பெரிதாக்கி அந்த நாலையே பார்த்துக்கொண்டிருப்பாள். போட்டோவில் அவருடைய கையோ செருப்போ ஓரமாக விழுந்திருந்தால் அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

ஒருநாள் சொன்னாள். “யக்கா, இத்தினி வருசமா டெஸ்ட் பண்றேன். ஒரு வால்வு கூட லைன்ல உக்காந்து நான் பாத்ததில்ல. கேட்டு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். லாரி திரும்பிச்சுன்னா அவ்ளோதான். இந்த மனுசனும் அப்பிடித்தான் போறாரு.”

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனால், கொடியில் ஜெகனுடைய கட்டம் போட்ட சட்டை காயும். ஆள் அனந்தபூரில், சட்டை மட்டும் வாராவாரம் தண்ணீரில். “போடாத சட்டைய எதுக்குடி தோய்க்கிற?” என்றேன். “மாட்டியே வெச்சா அவரு வாசனை போயிடும்னு மொதல்ல தோய்க்காம வெச்சிருந்தேன்கா. போயே போயிடுச்சு. சரி, சோப்பு வாசனையாவது இருக்கட்டும்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அன்றைக்கு என் வீட்டுக்காரர் மேல் காட்டினேன்.

ஆடி பிறந்ததும் எங்கள் கம்பெனிக்கே அந்த ஆர்டர் வந்தது. ஜெகன் இருக்கிற லைனின் கடைசித் துண்டுக்கு வேண்டிய பெரிய வால்வுகள். அன்று சாயங்காலம் ரயிலில் அவர் குரலே வேறாக இருந்தது.

“ராஜி, இதான் கடைசி. இந்த வால்வுங்கள உக்கார வெச்சு, தண்ணி உட்டு, பிரஷர் நின்னுச்சுன்னா எங்களக் கெளம்பச் சொல்லிடுவாங்க. அடுத்த லைனு ஆரம்பிக்க ஒரு மாசம் ஆவும். ஒரு மாசம் ஊட்ல கீறேன்.”

ஒரு மாசம். அவர்கள் கல்யாணத்துக்கு எடுத்த லீவுகூட அவ்வளவு இல்லை. மறுநாள் முதல் ராஜகுமாரி நான் பார்த்த ராஜகுமாரியே இல்லை. ஆவடியில் ஏறுகிற பூக்காரியிடம் தானாகக் கேட்டு முழம் பூ வாங்கினாள். பெஞ்சில் நின்றுகொண்டு ஏதோ முனகினாள். உற்றுக் கேட்டேன், பாட்டு. எஸ்டேட் அம்மன் கோயில் ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடுகிறாள்! அந்த ஆர்டரின் வால்வு ஒவ்வொன்றையும் அவளே டெஸ்ட் பண்ணினாள். வேறு யாரையும் கிட்ட விடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி வால்வு மட்டும் கசிந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. லாரி கேட்டில் நிற்கிறது. மற்ற வால்வுகளை ஏற்றிவிட்டார்கள். சுப்பராயன் சார் ஆபீசுக்குள் போனில் இருக்கிறார். தாளில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். துடைத்துவிட்டு வேறு தாள் விரித்தாள், மறுபடி ஈரம். தட்டைப் பிரித்து, நீல மை தடவி எங்கே உட்காரவில்லை என்று பார்த்து, பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். அந்த வேலைக்கு எங்களிடம் ஒரே ஆள், பூந்தமல்லி ஷவுகத் அலி பாய். அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். வந்து செய்தாலும் அன்றைக்கு ஆகாது. லாரி இது இல்லாமல் போய்விடும். அந்தப் பக்கம் அடுத்த லாரி என்றைக்கோ. அதுவரை லைன் நிற்கும், ஜெகனும் நிற்பார்.

அவள் கம்பியை எடுத்துச் சக்கரத்தில் விட்டு நெம்பினாள். சொட்டு நின்றது. தாள் காய்ந்திருந்தது. நாலை அடித்தாள்.

இதெல்லாம் பின்னால் அவளே சொல்லித் தெரிந்தது. அன்று சாயங்காலம் ரயிலில் அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வேலை செய்கிற கை, ஏதோ வலி என்று நினைத்தேன்.

அடுத்த சில நாட்கள் வீட்டைக் கழுவினாள், மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டாள், ஆவடி மார்க்கெட்டில் எந்தக் கிழமை எந்த மீன் நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டாள். நானும் பெரிய இவளாட்டம் விளக்கம் சொன்னேன். அப்புறம் ஒருநாள் ரயில் அம்பத்தூரை விட்டு நகரும்போது போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

“இன்னாயா? வெச்சிட்டியா?”

“நாலு ஒழுவுது ராஜி.”

கல்யாணத்துக்கு முந்தி இவள் அவரிடம் சொன்ன அதே சொல். அவர் சொல்லி இவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

“லைன் பூரா தண்ணி ரொப்பியாச்சு. பிரஷர் நிக்கவே இல்ல. ஒவ்வொரு ஜாயின்ட்டா ராத்திரி பகலா தேடுனோம். அப்பாலதான் பாத்தேன். சக்கரத்துல கம்பித் தடம் கீது. ஏன் ராஜி?”

“நீ சீக்கிரம் வரணும்னு.”

எதிர் சீட்டில் இருந்த பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு மட்டும் திருப்பத் தோன்றவில்லை. தண்ணீரை முழுக்க வடித்து, வால்வைக் கழற்றி, திருப்பி அனுப்பி, வந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். போன் வைத்ததும், “நான் நாலு போட்ட வால்வ அவரே கயட்றாரு யக்கா” என்றாள். அதற்கப்புறம் திருநின்றவூர் வரை ஏதாவது பேசினாளா என்று எனக்குத் தெரியாது. நான் அண்ணனூரில் இறங்கிவிட்டேன்.

வால்வு திரும்பி வந்தது. அதோடு ஜெகனும் வந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆர்டர் என்றால், அல்லது ஒருமுறை கெட்டுப் போன சாமான் என்றால், வாங்குகிற பார்ட்டியின் ஆள் ஒருவர் டெஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நிற்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பஞ்ச் விழும். காண்ட்ராக்டர், எங்கள் ஷெட்டை நன்றாகத் தெரிந்தவர் என்பதால் ஜெகனையே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். வால்வு சரியானதும் அதே லாரியில் அதோடு திரும்பி வந்துவிட வேண்டும் என்று உத்தரவு.

அவர் லாரி கேபினிலிருந்து இறங்கினபோது தலைமுடி வரைக்கும் செம்மண். ராஜகுமாரி வேஸ்ட் துணியைக் கையில் பிடித்தபடி பெஞ்சிலேயே நின்றாள். எல்லோரும் அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வந்தியா?”

“வந்தேன்.”

அவ்வளவுதான். அதற்குள் சுப்பராயன் சார் வந்துவிட்டார். வால்வின் ஓரத்து நாலைப் பார்த்தார். “என்ன ஆச்சு ஜெகன்?”

ஜெகன் தலையைக் குனிந்துகொண்டார். “கேட்ட தொறந்து வெச்சி எறக்கிட்டேன் சார். மண்ணு மாட்டிகிச்சு. என் தப்பு.”

கேட்டை மூடி இறக்க வேண்டும் என்று தினமும் ரயிலில் பாடம் படித்த மனுஷன் அவர். ஒரு பிட்டருக்கு அதைவிடக் கேவலமான பேச்சு வேறு இல்லை. சுப்பராயன் சார் சக்கரத்தை விரலால் தடவினார். கம்பித் தடத்தில் விரல் நின்றது.

“அவரு பொய் சொல்றாரு சார்” என்றாள் ராஜகுமாரி. அவள் ஷெட்டில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “ஒழுவுச்சு. கம்பி போட்டு இறுக்கிட்டு அடிச்சது நான்தான்.” பஞ்சை அவர் முன்னால் வைத்தாள்.

சுப்பராயன் சார் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டுக்கு வெளியே என்று சொல்லப் போகிறார் என்று நான் ஸ்டோர் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஷவுகத் அலி பாயைப் பார்த்து, “பிரிங்க பாய்” என்றார். பிறகு அவளிடம், “தட்டு சரியானதும் நீதான் டெஸ்ட் பண்ற. பார்ட்டி நிக்கட்டும், நானும் நிக்கறேன். மத்தது அப்புறம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஷவுகத் அலி பாய் வேகக்காரர். அந்த வால்வை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் நீல மையைத் தடவினார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி தடவினார். சாயங்காலம் ஆகிவிட்டது. “இன்னா பாய், நகை செய்யிறியா?” என்றேன்.

“பெரிய வால்வும்மா. அவசரப்பட்டா ஆவாது. நாளைக்குத்தான்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மறுநாளும் அவருக்கு அவசரம் இல்லை. “இந்தாண்ட ஒரு இடத்துல மை படல” என்று யாரும் கேட்காமலேயே விளக்கம் சொன்னார். பேஸ்ட் தீர்ந்துவிட்டது என்று என்னிடம் வந்தார். இருந்தது, ஆனால் உடனே தருகிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே.

அந்தச் சாயங்காலங்களில் அவர்கள் இருவரும் பொதுப் பெட்டியில் போனார்கள். காலையிலும் அப்படியே. பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் பிடிக்க ஆள் இல்லை. அண்ணனூரிலிருந்து பட்டரவாக்கம் வரை நின்றுகொண்டே போனேன். சந்தோஷமாக நின்றேன். இரண்டாம் நாள் ஜெகன் அந்தக் கட்டம் போட்ட சட்டையில் வந்தார். வாராவாரம் தோய்த்துத் தோய்த்து வெளுத்துப் போயிருந்தது.

மதியம் சாப்பிடும்போது அவரையே கேட்டேன். “லைனு முடிஞ்சதும் ஒரு மாசம் இருக்கப் போறல்ல?”

“இல்லக்கா. அடுத்த லைன் வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. இதுல ஆன லேட்டுக்கு நேரா அங்க போவணுமாம். இங்க வந்துட்டு போறதுதான் லீவுன்னுட்டாங்க. இனிமே பொங்கலுக்குத்தான்.”

ராஜகுமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கம்பி போட்டது அவள் கை. அந்தக் கைக்கு அதற்கு மேல் தண்டனை கொடுக்கச் சுப்பராயன் சாரால் முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்கு மேல் பாயாலும் இழுக்க முடியவில்லை. வால்வைப் பெஞ்சில் ஏற்றினார்கள். ராஜகுமாரி சக்கரத்தைக் கையால் மூடினாள். ஒரு பக்கம் தகட்டை எதிரெதிர் போல்ட்டாக முடுக்கினாள். தாளை விரித்தாள், சுருக்கத்தை நீவிவிட்டாள். பம்ப் ஓடியது. முள் ஏறி நின்றது. ஒரு பக்கம் சுப்பராயன் சார், மறு பக்கம் பார்ட்டியின் ஆளாக ஜெகன். தாளை எல்லோரும் பார்த்தோம். காய்ந்திருந்தது.

டெஸ்டுக்கு என்று ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் ஆனது. அவள் பம்பை நிறுத்தவில்லை. சுப்பராயன் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“மறுபக்கம்” என்றார் ஜெகன்.

திருப்பிப் போட்டார்கள். வேறு தாள். அதுவும் காய்ந்திருந்தது. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

“முதல் பக்கம் இன்னொரு வாட்டி பாக்கலாம் சார்” என்றார் ஜெகன். பார்ட்டி கேட்டால் செய்துதான் ஆக வேண்டும். சுப்பராயன் சார் தலையசைத்தார். மறுபடி போல்ட், மறுபடி தாள், மறுபடி பம்ப். பக்கத்து பெஞ்சுகளில் வேலை நின்றுவிட்டது. ராஜகுமாரி குனிந்து, தாளுக்கு ரொம்பக் கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. ஜெகன் தாளைப் பார்க்கவே இல்லை, குனிந்திருந்த அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாரன் மறுபடி அடித்தது.

“சரி” என்றார் ஜெகன். ஹாரன் சத்தத்தில் அது சார் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். “சரியா கீது சார்.”

சுப்பராயன் சார் பையிலிருந்து பஞ்சை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பழைய நாலை ஷவுகத் அலி பாய் அரம் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். அந்த இடம் பளபளவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ராஜகுமாரி பஞ்சை வைத்தாள். சுத்தியலைத் தூக்கினாள், இறக்கினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். எப்போதும் ஒரே அடிதான். அன்றைக்கும் ஒரே அடிதான் அடித்தாள். நாலு ஆழமாக விழுந்தது.

ஜெகன் பெல்ட்டை வால்வின் உடம்பில் சுற்றி, செயின் பிளாக்கில் தூக்கி, லாரியில் அவரே இறக்கினார். கேட் மூடியிருக்கிறதா என்று சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். கேபினில் ஏறி உட்கார்ந்தவர், “பொங்கலுக்கு வரேன் ராஜி” என்றார். அவள் தலையாட்டினாள். லாரி திரும்பியது. அவளுக்குத் தெரிந்த இடம் அதுவரைக்கும்தான்.

அன்று சாயங்காலம் பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் இருந்தது. அம்பத்தூர் போனது, திருமுல்லைவாயல் போனது. அவள் டிபன் பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். டெஸ்டில் விரித்த அதே தினசரித் தாள். மடியில் வைத்துப் பிரித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளி ஈரம் பட்ட தடம்கூட அதில் இல்லை.

“அன்னிக்கு ஒரு சொட்டு உழக் கூடாதுன்னு வேண்டிகினேன் யக்கா. உழுந்துச்சு. இன்னிக்கு ஒரே ஒரு சொட்டு உழுந்துடு தாயேன்னு வேண்டிகினேன். உழுந்தா இன்னும் ரெண்டு நாள் பாய் தேய்ப்பாரு.” தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். “உழவே இல்ல. நல்ல வால்வுக்கா அது.”

அண்ணனூர் வந்தது. நான் இறங்கவில்லை. திருநின்றவூர் வரை அவளோடு போனேன்.